பழியை வயதின் மேல் போடலாமா?

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் 'ஆடிச்சுற்று' தொடங்கிவிடும். நேர்ந்துகொண்டவர்கள் கோயிலை வலம் வந்துகொண்டே இருப்பார்கள். கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நின்றவள், ஆகவே நம் கால்வலியை அவளே வாங்கிக்கொள்வாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் கூட்டத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், வாசகர்களே, முகங்களை விட்டுவிட்டுச் சற்று நேரம் பாதங்களை மட்டும் கவனியுங்கள். முதியவர்கள் பெரும்பாலும் மெதுவாகத்தான் நடப்பார்கள். ஆனால் மெதுவாக நடப்பதிலும் பல வகை உண்டு. முழங்கால் தேய்ந்தவர் வலிக்கிற காலுக்குப் பாரம் கொடுக்காமல் சாய்ந்து நடப்பார். பார்க்கின்சன் நோய் கண்டவர் முன்னே குனிந்து, கைவீச்சு இன்றி, குறுகிய அடிகளாக வைப்பார். இன்னொரு வகை இருக்கிறது. கால்கள் இரண்டும் சற்று அகன்றிருக்கும். கை ஓரளவு வீசும். பாதம் மட்டும் தரையை விட்டு எழும்பாது. தளத்தில் பசை தடவி வைத்ததுபோல் இழுத்து இழுத்து வரும். மூலை திரும்ப வேண்டுமென்றால் நாமெல்லாம் இரண்டு அடியில் திரும்புகிற இடத்தில் அவருக்கு ஆறேழு சிற்றடிகள் வேண்டியிருக்கும்.

"வயசாயிட்டுல்லா, இனி அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டார் சொல்வார்கள். எழுபது வயதில் கால் தடுமாறுவது புதுமையா? சிறுநீர் அடக்க முடியாமற் போவது புதுமையா? பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை மறப்பது புதுமையா? ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்றே விடை வரும். மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து வந்தால் என்ன என்று கேட்பவர்தாம் அரிது. அப்படிக் கேட்கவேண்டிய ஒரு நோய் இருக்கிறது. அதைப் பற்றி நம்மிடையே வழங்கும் சொற்களும், நாம் படிக்கும் கட்டுரைகளும், பார்க்கும் படங்களும் எவ்வளவு தூரம் நமக்கு உதவுகின்றன, எங்கே வழி தவறச் செய்கின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுபத்திரண்டு வயதான ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். தறியில் உழைத்து ஓய்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். சங்கரன்கோவிலில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. முதலில் நடை கெடுகிறது. 'மூட்டுத் தேய்மானம்' என்று எலும்பு மருத்துவர் மாத்திரையும் தைலமும் கொடுக்கிறார். ஆறு மாதம் கழித்துச் சிறுநீர் அவசரம் வருகிறது. கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வேட்டி நனைந்துவிடுகிறது. 'ஆண்களுக்கு வயதானால் புராஸ்டேட் வீங்கும்' என்று வேறொரு மருத்துவர் வேறொரு மாத்திரை கொடுக்கிறார். பெண்ணாக இருந்தால் 'பிள்ளை பெற்ற உடம்பு' என்று சொல்லி மருத்துவரிடமே அழைத்துப் போகமாட்டார்கள். அந்த ஆச்சியும் வெட்கப்பட்டு வாய் திறக்கமாட்டாள். மூன்றாவதாக மந்தம் வருகிறது. செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறார். கேட்ட கேள்விக்கு விடை வர நேரமாகிறது. இதற்கு மாத்திரை கிடையாது; படுக்கையை நடுவீட்டிலிருந்து திண்ணைக்கு மாற்றுவதோடு சரி. இப்படி ஒரு நோய் மூன்று துண்டாகி மூன்று சீட்டுகளில் போய் ஒளிந்துகொள்கிறது. மூன்று சீட்டுகளையும் ஒன்றாக மேசைமேல் வைத்துப் பார்ப்பவர் இல்லை. இதில் எந்த மருத்துவரும் பொய் சொல்லவில்லை. மூட்டும் தேய்ந்துதான் இருக்கும். புராஸ்டேட்டும் வீங்கித்தான் இருக்கும். முதுமையில் உண்மையான நோய்களே உண்மையான நோயை மறைக்கின்றன.

இனி அந்த நோய். நம் மூளைக்குள் நான்கு அறைகள் உண்டு. அவற்றில் தெளிந்த நீர் ஒன்று ஊறிக்கொண்டே இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் ஊறுகிறது. ஆனால் எந்த நேரத்திலும் மூளையிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் இருப்பது 150 மில்லிலிட்டர் அளவுதான். அப்படியானால் நாளுக்கு மூன்று நான்கு முறை பழைய நீர் வடிந்து புது நீர் வருகிறது என்பது கணக்கு. ஊறுவது குறையாமல் வடிவது மட்டும் தடைப்பட்டால் அறைகள் விரியும். குழந்தைகளுக்கு இது நேர்ந்தால் மண்டையோடு இன்னும் இறுகாததால் தலை பெரிதாகிறது. எல்லார் கண்ணிலும் படுகிறது. முதியவருக்குத் தலை பெரிதாகாது. வெளியே எதுவும் தெரியாது. முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீரின் அழுத்தத்தை அளந்தாலும் அது பெரும்பாலும் சாதாரண அளவுக்குள்ளேயே நிற்கும். அதனால்தான் 'இயல்பழுத்த நீர்த்தேக்கம்' என்று பொருள்படும் பெயரை மருத்துவர்கள் இதற்குச் சூட்டினார்கள்.

அழுத்தம் இயல்பாக இருந்தும் மூளை எப்படி நசுங்கும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். இதே கேள்வியை எழுப்பியவர் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் பணியாற்றிய சாலமோன் ஹக்கீம். (ஹக்கீம் என்றால் நம் ஊரில் யுனானி மருத்துவர் நினைவுக்கு வருவார். இவருடைய பெற்றோர் லெபனானிலிருந்து கொலம்பியாவில் குடியேறியவர்கள்.) 1957-இல் கார் விபத்தில் தலையில் அடிபட்ட 16 வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் வந்தான். மூளை அறைகள் விரிந்திருந்தன. நீரின் அழுத்தமோ சாதாரணம். சோதனைக்கென்று சிறிது நீரை எடுத்தார். உணர்வு மங்கிக் கிடந்த பையன் பேசத் தொடங்கினான். இதற்கிடையே அல்சைமர் என்று முடிவு கட்டப்பட்டு இறந்தவர்களின் மூளைகளையும் அவர் அறுத்துப் பார்த்திருந்தார். சிலவற்றில் அறைகள் பெருத்திருந்தன; ஆனால் புறணி சுருங்கியிருக்கவில்லை. இரண்டையும் இணைத்து 1964-இல் ஆய்வேடு எழுதினார். 1965-இல் அமெரிக்காவின் ரேமண்ட் ஆடம்ஸ் முதலியோருடன் சேர்ந்து ஆங்கில மருத்துவ இதழ்களில் வெளியிட்டார்.

அவர் தந்த விளக்கம் பள்ளிப் பாடத்தில் நீங்கள் படித்ததுதான். விசை என்பது அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கியது. பாஸ்கல் விதியில் இயங்கும் நீரியல் அழுத்தியில் சிறிய தட்டில் உள்ள அதே அழுத்தம் பெரிய தட்டில் பெரும் பளுவைத் தூக்குகிறது அல்லவா? அதுபோல, ஏதோ ஒரு காலத்தில் அறை விரிந்துவிட்டால், பின்னர் அழுத்தம் இயல்புக்கு இறங்கினாலும் விரிந்த சுவர்மீது விழும் மொத்த விசை கூடுதலாகவே இருக்கும். இவ்விளக்கம் முழுமையானது அன்று. இரத்த நாளங்களின் துடிப்பும், மூளைத் திசுவின் நெகிழ்ச்சியும், நீர் உறிஞ்சப்படும் வழிகளும் இதில் பங்கு கொள்கின்றன என்று பின்வந்தோர் வாதிட்டு வருகிறார்கள். ஆனால் 'இயல்பு' என்று கருவி காட்டும் எண்ணைக் கண்டு மயங்காமல் இருந்தாரே, அதற்காகவே அவரைப் பாராட்டவேண்டும்.

நம் மொழிக்கு வருவோம். மருத்துவர் 'மூளையில் நீர் கோத்திருக்கிறது' என்று தமிழில்தான் சொல்கிறார். கேட்பவர் காதில் அது எப்படி விழுகிறது? 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்பது நம் வீடுகளில் சளிக்கும் மூக்கடைப்புக்கும் சொல்லும் சொல். ஈரத்தலையோடு படுத்தால் வருவது. நொச்சி போட்டு ஆவி பிடித்தால் போவது. நீர்க்கோவை மாத்திரையை அரைத்து நெற்றியில் பற்றுப் போட்டால் தீர்வது. அந்தச் சொல்லையே மூளை அறை விரிந்ததற்கும் வைத்தால், 'இதற்கா மண்டையைத் துளைக்க வேண்டும்?' என்று குடும்பத்தார் திரும்பிப் போவதில் வியப்பில்லை. எளிய தமிழில் சொல்கிறோம் என்று நாம் மகிழ்கிற இடத்திலேயே இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. 'மூளை அறைகளில் நீர் வடியாமல் தேங்கி நிற்கிறது' என்று நான்கு சொல் கூடுதலாகச் சொன்னால் குடி முழுகிவிடாது. தேங்குதல் என்ற சொல்லில் வாய்க்கால் அடைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. கோத்தல் என்பதில் தெரியவில்லை.

'மறதி நோய்' என்ற சொல்லின் மீதும் எனக்குக் குறை உண்டு. அறிவுத்திறன் படிப்படியாகக் குன்றும் நிலைகள் அனைத்துக்கும் நாளிதழ்கள் இந்த ஒரு பெயரையே வைத்திருக்கின்றன. பெயரில் மறதி இருப்பதால் காலைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. நாம் பேசும் நோயிலோ முதலில் கெடுவது பெரும்பாலும் நடைதான். அறிவில் வரும் மாற்றமும் பெயர்களையும் முகங்களையும் இழப்பதாக இல்லாமல் மந்தமாகவும் ஆர்வக் குறைவாகவும் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தார் 'அறளை பெயர்தல்' என்பர். அந்தச் சொல்லும் காரணத்தைத் தேடச் சொல்லவில்லை. ஆளைத்தான் ஒதுக்கி வைக்கிறது.

திரைப்படங்களையும் இங்கே குறிப்பிடவேண்டும், ஏனெனில் பொதுமக்களுக்கு இந்நோய்களைப் பற்றிய படிப்பு அங்கிருந்துதான் வருகிறது. மலையாளத்தில் 2005-இல் பிளெஸ்ஸி இயக்கிய 'தன்மாத்ர'வில் மோகன்லால் அல்சைமர் கண்ட அரசு ஊழியராக நடித்தார். தமிழில் 2015-இல் மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'யில் லீலா சாம்சன் அதே நோய் கண்ட பாடகியாக வந்தார். இரண்டும் நோயாளியைக் கேலிப்பொருளாக்காத நேர்மையான படைப்புகள். பிரகாஷ்ராஜ் தம் மனைவியைக் கவனித்துக்கொள்ளும் காட்சிகளில் நம் வீட்டு முதியவர்களிடம் நாம் காட்டவேண்டிய பொறுமை தெரிகிறது. ஆயினும் இவற்றைப் பார்த்து வெளியே வருகிறவர் மனத்தில் ஒரு சித்திரம் பதிந்துவிடுகிறது: மறதி வந்தால் அது அல்சைமர், அல்சைமர் என்றால் ஒருவழிப் பாதை. கதைக்கு அது தேவை. கதையை மருத்துவமாக எடுத்துக்கொள்வது நம் தவறு, இயக்குநர் தவறன்று.

மருத்துவப் பரிசோதனை அறிக்கை என்ற இலக்கியத்தையும் சற்று விமரிசிக்கலாம். தலையை ஸ்கேன் செய்தால் வரும் தாளில் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்' என்று ஒரு வரி இருக்கும். மூளை சுருங்கினாலும் அறைகள் பெரிதாகத் தெரியும். நீர் தேங்கினாலும் அறைகள் பெரிதாகத் தெரியும். வேறுபாடு எங்கே என்றால், சுருங்கிய மூளையில் உச்சந்தலைப் பகுதியின் மடிப்புகளும் அகன்றிருக்கும். நீர் தேங்கிய மூளையில் அறைகள் பெருத்திருந்தும் உச்சி மடிப்புகள் நெருக்குண்டு கிடக்கும். இதைப் பிரித்துக் காண்பதற்குப் பார்ப்பவருக்கு முன்கூட்டியே ஐயம் இருக்கவேண்டும். 'தலைச்சுற்றல், வயது 72' என்று மட்டும் எழுதிய சீட்டோடு நோயாளியை அனுப்பினால் அந்த ஐயம் எழாது. 'நடை கெட்டிருக்கிறது, சிறுநீர் அடங்கவில்லை, மந்தம்' என்று சீட்டில் மூன்று சொல் இருந்தால் அறிக்கையே மாறக்கூடும்.

இவ்வளவும் சொன்னபின் எதிர்ப்பக்கத்தையும் கண்டிக்காவிட்டால் முறையாகாது. 'மறதி நோய் முற்றிலும் குணமாகும்' என்று தலைப்பிட்டு வரும் கட்டுரைகள் இருக்கின்றன. அவை வயதின் மேல் பழி போடுவதைவிடக் கொடியவை என்று சில சமயம் எனக்குத் தோன்றும், ஏனெனில் அவை கடன் வாங்கச் செய்யும். எண்களைப் பாருங்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர், அறிவுத்திறன் குன்றிய நிலையில் உள்ளனர் என்பது 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வின் மதிப்பீடு. அவர்களில் மீட்கக்கூடியவர் எத்தனை? பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் 129 நோயாளிகளில் 24 பேருக்கு, அதாவது 18 விழுக்காட்டினருக்கு, மீளக்கூடிய காரணம் இருந்தது. பெரும்பகுதி மூளையைத் தாக்கிய தொற்றுகள். நாம் பேசும் நீர்த்தேக்கம் ஐவருக்கு. ஆனால் 2003-இல் கிளார்ஃபீல்ட் என்பவர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, மீளக்கூடும் என்று கருதத்தக்கவர் 9 விழுக்காடு இருந்தும், உண்மையில் மீண்டவர் 0.6 விழுக்காடுதான் என்று கண்டார். ஒரு பெரிய மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு வருகிறவர்களும் ஊரில் இருக்கிறவர்களும் ஒன்றல்லர். தொற்றுகள் மிகுந்த நம் நாடும் மேலைநாடுகளும் ஒன்றல்ல. 'மீளக்கூடும்' என்பதும் 'மீண்டார்' என்பதும் ஒன்றே அல்ல.

அப்படியானால் இந்த நீர்த்தேக்கம் அத்தனை அரிதா? சுவீடன் நாட்டில் 70 வயதைக் கடந்த 1,238 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவில், 70-களில் உள்ளோரில் 0.2 விழுக்காட்டினருக்கும் 80-ஐக் கடந்தோரில் 5.9 விழுக்காட்டினருக்கும் இது இருக்கக்கூடும் என்று கண்டார்கள். அமெரிக்கப் பாடகர் பில்லி ஜோயலுக்கு இந்நோய் இருப்பதாக 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டு அவருடைய இசை நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டபோதுதான் பல நாடுகளில் மக்கள் இப்பெயரையே கேள்விப்பட்டார்கள்.

சிகிச்சை நுட்பத்தில் எளியது. மூளை அறைக்குள் ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாயைச் செலுத்தி, தோலுக்கடியில் கழுத்து, மார்பு வழியாக இறக்கி, வயிற்றுக்குள் விடுகிறார்கள். நடுவில் ஒரு அடைப்பான். அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் திறக்கும், இல்லையேல் மூடிக்கொள்ளும். வாய்க்கால் மடைதான், அளவு சிறியது. வெளிநாட்டு அடைப்பான்கள் விலை மிகுந்தவை. உத்தரப்பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் 'சாப்ரா' குழாய் அவற்றின் விலையில் மிகச் சிறு பங்குக்குக் கிடைக்கிறது. மலிவானது மட்டமாகத்தான் இருக்கும் என்ற நம் பழக்கப்பட்ட எண்ணத்துக்கு உகாண்டாவிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. 195 குழந்தைகளிடம் இதையும் விலை உயர்ந்த ஓர் அயல்நாட்டுக் குழாயையும் ஒப்பிட்டு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அது குழந்தைகள் ஆய்வு. முதியவருக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் இந்தியப் பொருள் ஒன்று ஆப்பிரிக்காவில் இப்படிச் சோதிக்கப்பட்டு நின்றது நம் மாணவர்கள் அறியவேண்டிய செய்தி.

குழாய் வைத்தால் முதியவர்கள் உண்மையிலேயே தேறுகிறார்களா, அல்லது அறுவை செய்துகொண்டோம் என்ற நம்பிக்கையில் சில நாள் நன்றாக நடக்கிறார்களா? 2025-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகச் சோதித்தது. 99 நோயாளிகள். எல்லாருக்கும் குழாய் வைத்தாயிற்று. அடைப்பானை வெளியிலிருந்து காந்தக் கருவியால் மாற்றியமைக்கலாம். பாதிப் பேருக்கு நீர் வடியும்படி வைத்தார்கள். மற்றவர்களுக்கு ஏறத்தாழ மூடியே வைத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, நடையை அளப்பவருக்கும் தெரியாது. மூன்று மாதங்களில், திறந்தவர்களின் நடை வேகம் நொடிக்கு 0.23 மீட்டர் கூடியது, மூடியவர்களுக்கு 0.03 மீட்டர்தான். விழுந்தவர்கள் திறந்தோரில் 24 விழுக்காடு, மூடியோரில் 46 விழுக்காடு. இது நம்பிக்கையின் வேலை அன்று என்பது தெளிவாயிற்று. ஆனால் அறிவுத்திறன் சோதனையில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மேலும் திறந்தவர்களில் 12 விழுக்காட்டினருக்கு மூளை உறைக்கடியில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. மற்றவர்களில் 2 விழுக்காடு. இந்த 99 பேரும் முன்கூட்டியே நீர் வடித்துப் பார்த்து, பயன் தெரிந்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆகவே 'மீளும்' என்ற சொல்லை எடைபோட்டுத்தான் வழங்க வேண்டும். கால் மீள்கிறது, நினைவு மீளுமென்று உறுதி சொல்ல முடியாது. கால் மீள்வது சிறிய செய்தியா என்றால், இல்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த எழுபத்தைந்து வயதுக்காரர் படுக்கையிலிருந்து எழுந்திருக்காமலே போவதை நம் தெருக்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! தானே எழுந்து கழிப்பறைக்குப் போய்வர முடிந்த ஒருவருக்கு நடுவீட்டுப் படுக்கை திரும்பக் கிடைக்கிறது.

முதுமை என்று தள்ளிவிடும் வேறு காரணங்களும் உண்டு. ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியது. தைராய்டு குறைவு, பி12 ஊட்டக் குறைவு, வெளியே தெரியாத மனச்சோர்வு, மாதக்கணக்காக விழுங்கும் தூக்க மாத்திரை. சில வாரங்களுக்கு முன் குளியலறையில் தலை இடித்துக்கொண்டு, 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிட்ட பிறகு மூளை உறைக்கடியில் மெல்லச் சேரும் இரத்தமும் இதே கோலத்தைக் காட்டும்; இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோர் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். இவற்றில் பலவற்றை ஒரு இரத்தப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் காட்டிக்கொடுத்துவிடும்.

சங்கரன்கோவிலில் இருப்பவருக்குத் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனையும், நரம்பு அறுவைத் துறை உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பேருந்தில் காலையில் கிளம்பிப் போய்ச் சேரக்கூடிய தொலைவில்தான் இருக்கின்றன. போகும்போது பழைய சீட்டுகள் அத்தனையையும் எடுத்துச் செல்லுங்கள். எது முதலில் வந்தது, நடையா, சிறுநீரா, மந்தமா என்று மாதக் கணக்கோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக் கூடத்தில் அவர் நடந்து, திரும்பி வருவதைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து வைத்தால், மருத்துவமனை நெரிசலில் மருத்துவர் காணமுடியாததை அது காட்டும். ஐயம் வலுத்தால் முதுகுத்தண்டிலிருந்து 30 முதல் 50 மில்லிலிட்டர் நீரை எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முன்னும், எடுத்த சில மணி நேரத்துக்குப் பின்னும் பத்து மீட்டர் நடக்கச் சொல்வார்கள். கையில் கடிகாரம் கட்டியிருப்பவர் யாராயினும் அந்த இரண்டு நடைகளுக்கும் எத்தனை விநாடி, எத்தனை அடி என்று எண்ணிக் குறித்துக்கொள்ளலாம்.